மதிய நாடகத்தின் நேயர்கள்

“ரேடியோவா? போட்டு வெச்சிருப்போம்.”

கதவைத் திறந்த பெண்ணுக்கு முழங்கை வரை சோப்பு நுரை. உள்ளே சமையலறை அலமாரியிலிருந்து எங்கள் இரண்டாம் அலைவரிசை பாடிக்கொண்டிருந்தது. தேசிய வானொலியின் நேயர் ஆய்வுப் பிரிவிலிருந்து வருகிறேன் என்று நான் சொன்னதும் அவள் முதலில் திரும்பித் தன் ரேடியோவைத்தான் பார்த்தாள், அது வெளியே போய் ஏதோ வம்பு இழுத்துவிட்டு வந்ததைப் போல.

“போட்டு வெச்சிருப்பீங்க, சரி. உக்காந்து கேப்பீங்களா?”

“உக்கார எங்க நேரம்? அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். நிறுத்தினா வீடு ஒரு மாதிரி ஆயிடும்.”

“மத்தியானம் தொடர் நாடகம் வருமே, அது?”

“ஆங், யாரோ பேசிக்கிட்டிருப்பாங்க.” கையில் காயத் தொடங்கிய நுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நான் முகம் வாடியிருக்க வேண்டும். “நல்லாத்தான் பேசுவாங்க” என்று சேர்த்துக்கொண்டாள்.

என் தாளில் தினமும், எப்போதாவது, கேட்பதில்லை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. வீடு ஒரு மாதிரி ஆகிவிடும் என்பதற்குக் கட்டம் இல்லை. போன வாரம் அந்த நிகழ்ச்சியில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல முடிந்தால்தான் ஒருவர் நேயர் என்று விதி. விதியை எழுதியவளே நான்தான். எழுதியபோது அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கேட்பதில்லை என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் யாரோ பேசிக்கொண்டிருப்பார்களாம்.

அந்த யாரோ எல்லாம் என் அக்காவின் வீட்டுக்காரர் எழுதி இயக்குகிற ஆட்கள்.

எங்கள் வானொலி ஆரம்பத்தில் தபால் அலுவலகத்து மாடியில் இரண்டு அறைகளில் இருந்ததாகச் சொல்வார்கள். கோணியைத் திரையாகத் தொங்கவிட்ட அறை, ஒரே ஒரு மைக். செய்தி வாசிக்கிறவர் எழுந்தால்தான் பாட வந்தவர் உட்கார முடியும். பிறகு அது அமைச்சகத்தில் ஒரு துறையானது. ஊருக்கு ஊர் நிலையம் வந்தது. நிலையத்துக்கு ஒரு இயக்குநர், அவருக்கு ஒரு துணை, துணைக்கு ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு மணி என்று வளர்ந்துகொண்டே போனது. அமைச்சர் ஒரு பாலத்தைத் திறந்துவைத்தால் அன்றைய செய்தி முழுக்க அந்தப் பாலத்தின்மேலேயே நடந்துகொண்டிருக்கும். போன வருடம் சட்டம் போட்டு வானொலியைத் தனிக் கழகமாக்கினார்கள். இனிமேல் நாம் பதில் சொல்ல வேண்டியது அமைச்சருக்கு இல்லை, கேட்கிற மக்களுக்கு என்று சட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எல்லாரும் கைதட்டினோம். கைதட்டி முடித்த பிறகுதான் கேட்கிற மக்கள் யார், எங்கே இருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. அதுவரை நேயர் ஆய்வுப் பிரிவு என்பது சாமான் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஓர் அறை. யாராவது வழி தவறி எட்டிப் பார்த்தால்தான் உண்டு. ஒரே மாதத்தில் எங்களுக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

கழகத்தின் தலைமைக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெரிய மருத்துவமனைகளை நிர்வாகம் செய்துவிட்டு வந்த அம்மா. அதிகம் பேச மாட்டார். நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அதனால் நாமும் அதிகம் பேச முடியாது. நான்கு அலைவரிசைகளை இரண்டாக்குவது, பிரிவுகளைப் பாதியாகக் குறைப்பது, அதில் மிச்சமாகிற ஆட்களையும் பணத்தையும் வைத்து மலை மாவட்டங்களில் ஓர் ஒலிபரப்புக் கோபுரமும் அந்த மக்களின் பேச்சிலேயே ஒரு காலைச் சேவையும் தொடங்குவது, இதுதான் அவர் கொண்டுவந்த திட்டம். மலையில் நம் ஒலி எட்டவே எட்டாது. அங்கே இருப்பவர்கள் பக்கத்து நாட்டு வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டு நம் மண்ணில் விதைக்கிறார்கள். எந்தப் பிரிவை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று ஆய்வு முடிந்த பிறகு வாரியம் தீர்மானிக்கும். முதலில் அடிபடுகிற இடத்தில் நாடகப் பிரிவு நின்றது.

நாடகப் பிரிவு என்றால் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமாதான். நிலையத்தில் அவருக்கு ‘ஒத்திகை சார்’ என்று பெயர். கதவைத் தட்டிவிட்டு “தபால்” என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டிய நடிகரைக்கூட அரை நாள் உட்காரவைத்துப் பழக்குவார். “என்ன தபால்? நல்ல சேதியா, கெட்ட சேதியா? உனக்குத் தெரியாது. ஆனா உன் கைக்குத் தெரியணும்” என்பார். தபால்காரர் வேடம் போட்ட ஒருவர் வெறுத்துப்போய் உண்மையான தபால் இலாகாவுக்கே வேலைக்குப் போய்விட்டதாக ஒரு கதை உண்டு. ரயில் சந்திப்பு ஒன்றின் எதிரில் லாட்ஜ் நடத்துகிற ஒரு பெண்ணைப் பற்றி மாமா எழுதிய தொடர் மதியத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் கணவன் என்றைக்கோ காணாமல் போனவன். அவனுடைய பழைய சிநேகிதன் ஒருவன் ஒருநாள் வந்து அறை எடுக்கிறான். அவ்வளவுதான் கதை. அடிதடி கிடையாது, கூச்சல் கிடையாது. ஈரத் துணியை உதறுகிற சத்தம், சாவிக்கொத்தை இடுப்பில் சொருகுகிற சத்தம், பேச வந்ததைப் பேசாமல் விழுங்குகிற சத்தம். மைக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் மாமா முழுக் குடித்தனமும் நடத்தினார்.

நான் அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். என் கல்யாணம் சரியில்லை என்று ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடி அறையில் இருந்த தன் புத்தகங்களைக் கீழே இறக்கினார். கொஞ்ச நாள் கழித்து, ஆய்வுப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். “ஒரு கேள்வி கேக்கத் தெரியாத மனுஷன், உன்னை ஊரெல்லாம் கேள்வி கேக்கற வேலையில சேத்து விட்டாரு பாரு” என்று அக்கா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஆய்வு நடந்துகொண்டிருந்த நாட்களில் அக்கா சிரிக்கவில்லை.

“எப்படி வருது?” என்றாள் ஒருநாள். மாமா குளித்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் பேசிவிட வேண்டும் என்பது போல அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“இன்னும் முடியலக்கா.”

“முடியற வரைக்கும் பாக்கணுமா? சோறு வெந்துதா இல்லையான்னு நான் ஒரு பருக்கையிலேயே சொல்லுவேன். சொல்லு.”

“நல்லா வரல.”

அவள் அடுப்பைத் தணித்தாள். “பாத்துப் போட்டுக்கடி. பொய் எழுதுன்னு சொல்லல. பாத்துப் போடுன்னுதான் சொல்றேன். அந்த மனுஷனுக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

பாத்துப் போடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குழாய் நின்றுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் ஒரு வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார். அவருக்கு ரேடியோவே பிடிக்காதாம், தலைவலியாம். நான் தாளை மடித்துக்கொண்டு எழும்போது அவர் போகிறபோக்கில் சொன்னார்: “மருமகதான் அந்த லாட்ஜுக்காரி கதையைச் சொல்லிக்கிட்டே இருப்பா. ஏதோ நம்ம சொந்தக்காரி மாதிரி. வந்ததும் வராததுமா அவளுக்கு என்ன ஆச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சிடுவா.”

“வீட்லதான் ரேடியோ போடறதில்லையே. எங்க கேக்கறாங்க?”

“தைக்கிற இடத்துல. வேறெங்க?”

தைக்கிற இடம் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்தது. படியில் பாதி ஏறும்போதே காலடியில் அதிர்வு தெரிந்தது. மேலே நீளமான கூடம். வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்த ஒரு தலை. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. மேற்பார்வையாளரின் மேஜைக்குப் பக்கத்துத் தூணில் கம்பி போட்டுக் கட்டிய ஒரு ரேடியோ. அதன் குரல் கேட்கவே இல்லை, அது பேசிக்கொண்டிருந்தது என்பதை அதன் சிவப்பு விளக்கை வைத்துத்தான் நம்ப வேண்டும்.

“மிஷின் நிக்காத வரைக்கும் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல” என்றார் மேற்பார்வையாளர் என் காதருகே கத்தி. “நாடகம் ஓடற நேரத்துல இதுங்க வாய் மூடியிருக்கும். அதுவே எனக்கு லாபம். டீ நேரத்துல வட்டியோட பேசித் தீத்துடுவாங்க, அது வேற விஷயம்.”

டீ நேரத்தில் என் கேள்வியைக் கேட்டேன். போன வாரம் அந்த நாடகத்தில் என்ன நடந்தது?

அவ்வளவுதான். காலர் தைக்கிற வரிசை தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. துணியைத் திருப்பிப் போட இயந்திரத்தை நிறுத்துகிற நொடியில் அவர்கள் காதில் ஒன்றிரண்டு வார்த்தை விழும். நடு வரிசைக்கு அழுகையும் சிரிப்பும் மட்டும் கேட்கும், காரணம் கேட்காது. கடைசியில் இருக்கிற பொத்தான் துளை வரிசைக்கு ஒன்றுமே கேட்காது. அவர்கள் முன்னால் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஆளுக்கு ஒரு துண்டாகக் கொண்டுவந்து டீக் குவளைகளுக்கு நடுவே போட்டுத் தைத்தால் அன்றைய பாகம் கிடைத்துவிடும்.

“அவன் சிநேகிதன் இல்லங்க. அவன்தான் அவளோட புருஷன். முகம் தீயில வெந்து போனதால அவளுக்கு அடையாளம் தெரியல” என்றாள் ஒருத்தி.

“முகம் வெந்ததுன்னு உனக்கு யார் சொன்னா? ரேடியோல முகம் தெரிஞ்சுதா?” இது காலர் வரிசையில் தூணை ஒட்டி உட்கார்கிற பெண். கெட்டிக் குரல். கழுத்தில் அளவு நாடாவை மாலை மாதிரிப் போட்டிருந்தாள். “சிநேகிதன்தான். ஆனா இவளுக்குப் புருஷன் திரும்பி வரக் கூடாதுன்னு இருக்கு. அதை வெளிய சொல்ல முடியல. அதான் சோத்தைப் போட்டுட்டு அந்தப் பக்கமே நிக்காம போயிடறா.”

“அவ போறது உனக்கு எப்படித் தெரியும்?”

“பேச்சு தூரமா கேட்டுச்சு.”

“தூரமா கேக்கல. உன் மிஷின் ஓடிச்சு.”

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புருஷன் திரும்பி வரக் கூடாது என்று ஒருத்தி மனசுக்குள் இருப்பது மாமா எங்கேயும் எழுதாத விஷயம். எழுதாமல் எழுதியிருந்தார். ஒத்திகை அறையில் நடிகர்களே பிடிக்காத அதை இவள் காலரைத் திருப்புகிற இடைவெளியில் பிடித்துவிட்டாள்.

ஆனால் அவர்களை என்னால் கணக்கில் சேர்க்க முடியாது. வீடுகளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். வீட்டில் கேட்பவர்தான் நேயர். பாதியில் விதியை மாற்றினால் அது ஆய்வு இல்லை, அக்கா சொன்ன ‘பாத்துப் போடு’தான். மாடி அறையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். மதியத் தொடருக்கு வந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணுகிற மாதிரி இருந்தது. அதை அப்படியே எழுதினேன். கடைசியில் எந்தத் தலைப்பிலும் சேராத ஒரு பக்கமாகத் தையல் கூடத்தைப் பற்றி எழுதி, வேலை செய்கிற இடங்களில் போய்க் கேட்காமல் இந்த எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் அம்மா அதை முழுக்கப் படித்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

“இந்தக் கடைசிப் பக்கம் நல்லா இருக்கு. இதை வெச்சு வாரியத்துல நான் என்ன சொல்றது?”

“கேள்வி தப்புன்னு சொல்லுங்க மேடம். நாம வீட்டுல போய்க் கேட்டோம். அவங்க வீட்டுல இல்ல.”

“கேள்வி உங்களோடதுதானே?”

“ஆமா மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் ரொம்பக் களைத்திருந்தது. “ஒழுங்காக் கேக்காதவங்க, பாதி கேக்கறவங்க, இவங்களுக்காகவெல்லாம் வாதாட நீங்க இருக்கீங்க. மலையில கேக்கவே வழியில்லாம இருக்காங்களே, அவங்க வீட்டுக் கதவைத் தட்டி யாரு எழுதினா? அவங்க எந்தக் கட்டத்துல வருவாங்க? என்கிட்ட ரெண்டுக்கும் சேத்துக் காசு இருந்தா உங்களை இப்படி உக்கார வெச்சுப் பேசிட்டிருக்க மாட்டேன்.”

வெளியே வந்து நெடுநேரம் படிக்கட்டில் நின்றேன். அவர் மேல் கோபப்பட முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வாரியம் கூடியது. தொடரின் கடைசிப் பாகத்தோடு நாடகப் பிரிவை மூடுவதென்று சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்த நடிகர்களுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி. மாமாவுக்கு மட்டும் தனியாக ஒரு உத்தரவு: விருப்பமிருந்தால் மலையில் தொடங்கப்போகிற நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போகலாம், இல்லையென்றால் பயிற்சிப் பிரிவில் ஒரு நாற்காலி உண்டு. உத்தரவு விஷயம் எனக்கு வீட்டில் மாமா சொல்லித்தான் தெரியும். சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, ரயில் நேரம் சொல்கிற குரலில் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“எழுதிட்டியா? திருப்தியா?”

“அவ இருக்கறதை எழுதினா” என்றார் மாமா.

“நீங்க சும்மா இருங்க. இருக்கறதை எழுத ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இவளுக்குத்தான் மாடியைக் காலி பண்ணிக் குடுத்தீங்க.” சோற்றுப் பானையை ஓசையோடு மூடினாள். “மலைக்குப் போறதாம். மூட்டு வலியை வெச்சுக்கிட்டு மாடிப்படி ஏற மாட்டேங்கறாரு, மலை ஏறுவாராம்.”

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்றால், சாப்பாடு எடுத்து வைப்பாள், துணி மடித்து வைப்பாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கைகூட வைத்துப் பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எதற்காகக் கேட்பது என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. தப்புச் செய்தவளுக்காவது கேட்க ஒரு வழி இருக்கிறது.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கும்போது கீழ்ப்படியில் மாமா நின்றிருந்தார். மூட்டு வலிக்காரர் எனக்காகக் காத்திருந்தது மாதிரித் தெரிந்தது.

“உன் அறிக்கையில கடைசிப் பக்கத்தை மட்டும் அந்த அம்மா எனக்கு அனுப்பி வெச்சாங்க” என்றார். “ஒரு கூடமே உக்காந்து கேக்கறாங்களா?”

“கேக்கறாங்கன்னு சொல்ல முடியாது மாமா. ஆளுக்குக் கொஞ்சம் கேக்கறாங்க.”

“ஆளுக்குக் கொஞ்சம்” என்று அதை ஒத்திகை பார்க்கிறவர் போலச் சொல்லிப் பார்த்தார். “இன்னிக்கு மத்தியானம் கடைசிப் பாகம். கூட்டிட்டுப் போறியா?”

பேருந்தில் ஜன்னல் ஓரம் அவருக்கு இடம் கிடைத்தது. பாதி தூரம் போயிருப்போம். பிறகு அவராகவே கடைசிப் பாகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சிநேகிதன் பெட்டியோடு வந்து நிற்கிறான். கூட வருகிறாயா என்று அவளைக் கேட்கிறான்.

“அவ என்ன சொல்றா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டா. சும்மா இருப்பா. எஞ்சினியர் சண்டைக்கு வந்துட்டாரு. இவ்வளவு நேரம் சத்தமே இல்லன்னா கோபுரத்துல இருக்கறவங்க லைன் போச்சுன்னு பாட்டைப் போட்டுடுவாங்கன்னாரு. அதுக்காக அவ மூச்சை மட்டும் விட்டு வெச்சேன். ரொம்ப மெல்லிசா. அப்புறம் ரயில் கிளம்பும்.”

“அவ போனாளா, இல்லையா?”

“எனக்கே தெரியாது. அதான் அழகுன்னு நினைச்சேன்.”

“நீங்க மலைக்குப் போறீங்களா மாமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே ஒரு லாரி நின்று வழி விட்டுக்கொண்டிருந்தது. அது பின்னால் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தையல் கூடத்தில் மாமாவை எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருத்தர் என்று மட்டும் சொன்னேன். மேற்பார்வையாளர் தலையாட்டிவிட்டு நாற்காலி காட்டினார். மாமா உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் பக்கத்தில், வாசலோரமாகவே நின்றார். ரேடியோவில் நாடகம் தொடங்கிவிட்டது என்பது முன்வரிசையின் கழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் தெரிந்தது. மாமாவும் தலையைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வரிசை முன்னால் போய் நின்றார், மறுபடி சாய்த்தார். இன்னும் ஒரு வரிசை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை ஒத்திகை, எத்தனை ஈரத் துணி, எத்தனை சாவிக்கொத்து. இந்தக் கூடத்தின் பாதி தூரத்தைக்கூட அதில் ஒன்றும் தாண்டவில்லை. சரியாக ஒரு வார்த்தையாவது கேட்க அவர் தூண் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அளவு நாடா போட்ட பெண் தைப்பதை நிறுத்தாமல் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“சார், சும்மாதானே நிக்கறீங்க? காதை வெச்சுக் கேட்டுச் சொல்லுங்களேன். இன்னிக்குக் கடைசி.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குனிந்து தூணில் இருந்த ரேடியோவின்மேல் காதை வைத்தார், குழந்தையின் மார்பில் வைக்கிற மாதிரி.

“அவன் வந்துட்டான்” என்றார்.

“கேக்கல சார்!”

“வந்துட்டான்!” மாமாவின் குரல் கீறியது. அந்த வீட்டில் இருந்த அத்தனை வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. “பெட்டியோட வந்து நிக்கறான்!”

காலர்க்காரி பின்னால் திரும்பாமலே சொன்னாள், “பெட்டியோட வந்திருக்கானாம்.” அடுத்த வரிசை அதற்கடுத்த வரிசைக்குச் சொன்னது. பொத்தான் துளை வரிசையில் யாரோ “அடப்பாவி” என்றாள்.

“என்ன சொல்றான் சார்?”

“கூட வர்றியான்னு கேக்கறான்!”

கூட வர்றியான்னு கேக்கறானாம். அது இயந்திரங்களுக்கு மேலே நடந்துபோய்க் கடைசி வரிசையைத் தொட்டது. அங்கே இரண்டு பேர் தைப்பதை மறந்து நிமிர்ந்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார், பிறகு தானும் கழுத்தை நீட்டி மாமாவைப் பார்த்தார்.

“அவ என்ன சொன்னா?”

மாமாவின் காது ரேடியோவிலேயே இருந்தது. அந்த இடத்தில் இப்போது அந்த மூச்சு மட்டும்தான் இருக்கும். தூணிலிருந்து ஓரடி தள்ளி நின்ற எனக்கே அது கேட்கவில்லை.

“சார்! அவ என்ன சொன்னா?”

“என்ன சார், கட் ஆயிடுச்சா?”

“இல்ல” என்றார் மாமா. ஒரு கையை உயர்த்தினார், பொறுங்கள் என்பது போல. “இல்ல, கட் ஆகல. யோசிக்கிறா.”

“என்னது?”

“யோசிக்கிறா!” என்று கத்தினார். “அவ யோசிக்கிறா!”

காலர்க்காரியின் இயந்திரம் நின்றது. யோசிக்கிறாளாம், என்றாள் பின்னால் இருப்பவளிடம். யோசிக்கிறாளாம். ஒருத்தி ஊசிக்கடியில் துணி பாதியிலிருக்க, கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு அடுத்தவளிடம் சொன்னாள், யோசிக்கிறாளாம். வரிசை வரிசையாக அது கூடத்தின் கடைசி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.